திருகோணமலைக்கு வரும் நம்மூர்க்காரர்களே, வைத்தியரைத் தேடும் முன் இதைப் படியுங்கள்

திருகோணமலைப் பக்கம் சீனன்குடாவில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வருகிறோம், அம்மாவுக்கு மூட்டு வலி, அங்கே நல்ல சித்த வைத்தியர் யாராவது இருக்கிறாரா என்று இந்த வருடத்தில் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் புலம்ப எனக்குத் தெம்பில்லை. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஏமாந்தவள் நான்தான் என்பதால் கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

வீசா, கிராம சேவகரிடம் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் வேலை தரும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். பாஸ்போர்ட் நகல் பத்துப் பிரதி கையில் இருக்கட்டும். வீடு உவர்மலையில் கிடைத்தால் நல்ல காற்று, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. அவ்வளவுதான்.

அவசரத்துக்கு 108ஐ அழுத்திப் பழகிய விரல்களுக்குச் சொல்கிறேன்: இங்கே 1990. சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது. அரசு வைத்தியசாலையிலும் இந்நாட்டு மக்களுக்குச் சிகிச்சை இலவசம். காய்ச்சல், பாம்புக்கடி, நெஞ்சு வலி இந்த மூன்றுக்கும் சித்தாவா ஆயுர்வேதமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். டெங்கு உள்ள ஊர் இது. நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூட்டு, முதுகு, தோல், சளி, செரிமானம் என்று நாள்பட்ட விஷயங்களுக்குத்தான் நாம் நாட்டு வைத்தியம் தேடுவோம். அதற்கு முதலில் காதைப் பழக்க வேண்டும். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா, "தங்கச்சி, மாமிய ஒருக்கா பரியாரியாரிட்ட காட்டுங்களன்" என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எடுத்தால் சாதிப் பேச்சாகிவிடும். நான் திருதிருவென்று விழித்தேன். இங்கே பரியாரியார் என்றால் நாட்டு வைத்தியர், மரியாதையான சொல். இன்னொரு நாள் மகன் சைக்கிளில் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தபோது "புக்கை கட்டினாச் சரியாயிடும்" என்றார்கள். புக்கை என்றால் இவர்கள் பொங்கலையும் சொல்வார்கள். காலில் பொங்கலைக் கட்டச் சொல்கிறார்களா என்று மகன் கேட்டு வீடே சிரித்தது. மூலிகை அரைத்துச் சூடாக வைத்துக் கட்டுவதுதான் அது. முடக்கத்தான் இங்கே முடக்கொத்தான். மாத்திரை குளிசை. மருந்துச் சீட்டு துண்டு. பாட்டில் போத்தல். இந்த ஐந்தாறு சொல் தெரிந்தால் பாதி ஊர் உங்களுக்குச் சொந்தம்.

கடற்கரை ஹோட்டல்களில் 'ஆயுர்வேத' என்று பலகை தொங்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அதற்குக் குறைச்சல் இல்லை. வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கும் இடம் அது. சுகமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் வியாதியைச் சொல்லிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. இங்கே 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. அதில் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தமும் யூனானியும் சிங்கள மக்களின் தேசிய சிகிச்சையும் அடக்கம். தமிழ்நாட்டில் சித்தாவுக்குத் தனிக் கவுன்சில் பார்த்துப் பழகிய நாம், ஆயுர்வேத மருத்துவ சபை என்ற பெயரைப் பார்த்ததும் இது நம் வைத்தியத்துக்கு இல்லை என்று தள்ளிவிடுவோம். இல்லை, சித்த வைத்தியருக்கும் அதுதான் சபை. பட்டம் படித்தவர்கள் மட்டுமல்ல, அப்பன் பாட்டன் வழியாகக் கற்ற பரம்பரை வைத்தியர்களும் அங்கே பதிவு வாங்க வழி உண்டு. முறிவு, விஷகடி, கண் என்று அவரவர் கைவந்த துறைக்கே பதிவு கொடுப்பார்கள். ஆகவே "நாங்க பரம்பரை, எங்களுக்கு எதுக்குப் பதிவு" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். நான் எழவில்லை.

நடந்தது இதுதான். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு முழங்காலும் தேய்மானம். பாளையங்கோட்டையில் இருந்தவரைக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிதான் அவருக்குக் கதி. 1964இல் தொடங்கிய கல்லூரி. "நான் பெரிய மனுசியான வருசம் வந்த காலேஜு" என்று சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். இங்கே வந்து ஆறு மாதத்தில் படியேற முடியாமல் போனது. அந்த நேரத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஒரு பரம்பரை சித்த வைத்தியர் வருகிறார், நகரில் ஒரு மண்டபத்தில் நான்கு நாள் இருப்பார் என்று யாரோ போனில் அனுப்பினார்கள். போனோம்.

உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல. "தாயி, பேச்சு நம்ம பக்கம்லா இருக்கு. பாளையங்கோட்டையா? சமாதானபுரமா, முருகன்குறிச்சியா?" என்றார். அவ்வளவுதான், அத்தையின் முகத்தில் எட்டு மாதமாகக் காணாத வெளிச்சம். எனக்கும்தான், மறைப்பானேன். இந்த ஊர் நல்ல ஊர், மனிதர்களும் தங்கமானவர்கள், ஆனாலும் 'லா' போட்டுப் பேச ஓர் ஆள் கிடைத்தால் மனசு அப்படியே இளகிவிடுகிறது. அரை மணி நேரம் அல்வாவும் தாமிரபரணியும் பேசினோம். மருந்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்போமா, சந்தேகம்தான்.

நாடி பார்த்தார். வலக்கையில் பார்த்தார். வெளியே வந்ததும் அத்தை மெதுவாக, "பொம்பளைக்கு இடக்கையிலதான புள்ள பாப்பாங்க?" என்றார். என் வீட்டுக்காரர், "சும்மா இரும்மா, அவருக்குத் தெரியாததா" என்று அடக்கிவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவருக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பொடி. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, லேபிள் கிடையாது. விலை 36,000 ரூபாய். இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரையால் வகுத்துப் பார்த்தால் பத்தாயிரத்துச் சொச்சம்தானே என்று மனசு உடனே கணக்குப் போட்டது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த வகுத்தல் கணக்கைப் போடுவார்கள். கடையில் போடுங்கள், வைத்தியரிடம் போடாதீர்கள். இந்த ஊர்க்காரருக்கு 36,000 எவ்வளவு பெரிய காசு என்று யோசித்திருந்தால் அப்போதே உறுத்தியிருக்கும். அப்புறம், பத்தியம் ஒன்றும் வேண்டாம், கருவாடு முதல் எல்லாம் சாப்பிடலாம் என்றார். அத்தைக்கு அதுவும் சந்தோஷம். சித்த வைத்தியத்தில் பத்தியம் சொல்லாமல், தேனிலா நெய்யிலா வெந்நீரிலா என்று துணைமருந்து சொல்லாமல் பொடி கொடுத்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. நம்புங்கள், மூன்றே நாள். அத்தை தனியாகக் கோணேசர் கோயில் ஏற்றத்தை ஏறி இறங்கினார். நான் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேன், இரண்டு குடும்பத்தை அவரிடம் அனுப்பியும் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஐந்தாவது வாரம் முகம் உருண்டையாக உப்பியது. உடம்பு தேறுகிறது என்று நினைத்தோம். பசி அதிகம், தூக்கம் இல்லை, கையில் தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. அதுவரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை 300ஐத் தாண்டியது. இரண்டு மாதம் முடிந்து பொடியும் தீர்ந்தது. வைத்தியரின் எண்ணுக்கு அழைத்தால் எடுக்கவே இல்லை. நான்காம் நாள் அத்தைக்கு வாந்தி, எழுந்து நிற்கத் தெம்பில்லை, இரத்த அழுத்தம் கீழே இறங்கிவிட்டது. 1990க்கு அடித்தோம்.

வைத்தியசாலையில் டாக்டர் அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டது, "என்ன பொடி குடிச்சவங்க?" என்றுதான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் இரத்தத்தில் கார்ட்டிசோல் அளவு பார்த்தார்கள், மிகக் குறைவு. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். வலியும் வீக்கமும் இரண்டு மூன்று நாளில் மாயமாக மறைந்தால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்றவை மலிவான குளிசைகள், இடித்துக் கலந்தால் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து அது தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று பொடியை நிறுத்தினால் உடம்புக்கு வேண்டியது எங்கிருந்தும் கிடைக்காது. அத்தை விழுந்தது அதனால்தான் என்றார். பொடி ஒரு சிட்டிகைகூட மிஞ்சவில்லை, அதைச் சோதிக்க வழியில்லை. அதே ஸ்டீராய்டை அளந்து கொடுத்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் மீட்டார்கள்.

இதில் உங்களுக்கு மிக அவசியமானது இது: இப்படி ஒரு பொடியை யாராவது வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்கள், இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்றால், பயந்துபோய் அன்றைக்கே நிறுத்தித் தூக்கி எறியாதீர்கள். டப்பாவோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நிறுத்துவதை அவர் பார்த்துக்கொள்வார்.

இதனால் எனக்குச் சித்த வைத்தியத்தின் மேல் கோபமா என்றால், இல்லை. சொல்லப்போனால் ஆங்கில மருந்தைக் கலந்து சித்தர் பெயரில் விற்றதுதான் என் கோபம். உண்மையான வைத்தியர்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே நடக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அந்த பி.எஸ்.எம்.எஸ். பட்டம் முடித்து வருகிற பிள்ளைகள் தமிழிலேயே பேசுகிறவர்கள். யூனானி வேண்டுமென்றால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் விசாரியுங்கள். உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் இலவச ஆயுர்வேத மருந்தகங்களும் உண்டு. இவ்வளவு பேரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, நான்கு நாளில் பெட்டியைக் கட்டப்போகிற ஆளிடம் நாங்கள் போய் உட்கார்ந்தோம், அவர் 'தாயி' என்று கூப்பிட்டார் என்பதற்காக.

இப்போது நான் யாரிடம் போனாலும் ஒரு வேலை செய்கிறேன். அத்தையின் கிளினிக் கொப்பியை, அதாவது வைத்தியசாலை நோட்டை, நீட்டி, "என்ன மருந்து என்று இதில் எழுதிக் கொடுங்கள், சர்க்கரைக் குளிசை எடுக்கிறார், பெரியாஸ்பத்திரி டாக்டருக்குத் தெரிய வேண்டும்" என்பேன். பதிவு எண்ணைக் கேட்பதைவிட இது சுலபம், முகத்தில் அடித்த மாதிரியும் இருக்காது. நல்ல வைத்தியர் சூரணம், பற்பம், தைலம் என்று பெயரும் அளவும் எழுதி, கீழே முத்திரையும் குத்துவார். அந்த முத்திரையிலேயே பதிவு எண் இருக்கும். செந்தூரமோ பற்பமோ கொடுத்தால் அதில் என்ன உலோகம் என்று கேளுங்கள். பாதரசமும், தாளகம் என்கிற ஆர்சனிக் தாதுவும் சேரும் மருந்துகள் நம் மரபில் உண்டு, ஒழுங்காகச் சுத்தி செய்யாதவற்றை வாங்கி விழுங்குவது விளையாட்டல்ல. கொப்பியைப் பார்த்ததும் "இது ரகசிய முறை, எழுதக் கூடாது" என்று கையை இழுத்துக்கொண்டால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே தங்கச்சி" என்றார், அதுதான் அதிகம் வலித்தது. ஊரில் என்றால் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்காமல் வைத்தியரிடம் போவோமா?

அத்தை இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கப்பல்துறை அரசு ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போகிறார். வலி முழுதாகப் போகவில்லை. மெதுவாகத்தான் குறைகிறது, நேர்மையான வைத்தியம் அப்படித்தான் போலும். அங்கே அவரைப் பார்த்த சித்த மருத்துவர் சின்னப் பெண். இடக்கையைப் பிடித்து நாடி பார்த்ததும் அத்தை என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அழைத்துப் போகிறோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். குற்றாலம் மாதிரி வருமா என்று முதல் நாள் உதட்டைப் பிதுக்கியவர், இப்போது சனிக்கிழமையே துண்டை எடுத்து வைத்துவிடுகிறார்.

கப்பல்துறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வயதானவர்களுக்குக் கஷ்டம். கஷாயத்துக்கும் எண்ணெய்க்கும் சுத்தமான போத்தல் இரண்டு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். முதல் நாள் நான் வெறுங்கையோடு போய் முழித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மா தன் தண்ணீர்ப் போத்தலை மடமடவென்று குடித்துத் தீர்த்து, உதறி, "இந்தாங்க மகள்" என்று நீட்டினார்.