புது டீசல் ஏழு சீட்டர் எஸ்.யூ.வி.: முதல் வருடத் தொல்லைகளை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

சஃபாரி, எக்ஸ்யூவி700, அல்கஸார் மாதிரி மூன்று வரிசை டீசல் வண்டியை முதன்முதலாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டியில் ஒரு விளக்கு எரிந்தாலே பதறிப்போகிறோம். பல நேரங்களில் வண்டி பழுதாகியிருக்காது, நாம் ஓட்டும் விதம் அதற்கு ஒத்துவந்திருக்காது, அவ்வளவுதான். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பணமும் அலைச்சலும் மிச்சம்.

ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், டயர் காற்று பார்க்கும் கேஜ், வண்டியோடு வந்த கையேடு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதும் கையேடு சொல்வதும் வேறாக இருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

டி.பி.எஃப். விளக்கு

முதலில் இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் எஞ்சின் கூடுதல் டீசல் செலவழித்து வடிகட்டியை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, சேர்ந்த கரியை எரித்துவிடும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள். பள்ளிக்கூடம், மளிகைக் கடை, திரும்ப வீடு என்று நாலு கிலோமீட்டருக்குள் சுற்றும் வண்டியில் அந்தச் சூடு ஏறி முடிவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். கரி அப்படியே தங்கிவிடுகிறது.

விளக்கு மஞ்சளாக நிலையாக எரிகிறது, வண்டியின் இழுவை குறையவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். டீசல் கால் டேங்க்காவது இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல வண்டிகளில் ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது. புறவழிச் சாலைக்குப் போய், மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆர்.பி.எம். 2,000-ஐ ஒட்டி இருக்கும்படி ஒரு கியர் குறைவாகவே வைத்து 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நடுவில் மைலேஜ் காட்டும் எண் சட்டென்று இறங்கும். வண்டி நின்றால் ஐடிலிங் (நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகம்) வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சூடான வாடை வரும். இதெல்லாம் நல்ல அறிகுறி. விளக்கு அணையும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள். முடிந்த கையோடு காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்த வேண்டாம், அடிப்பக்கம் அவ்வளவு கொதிக்கும்.

விளக்கு மினுக்கினாலோ, கூடவே செக் எஞ்சின் விளக்கும் வந்தாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை என்றாலோ மேலே சொன்னதை முயலாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி நின்ற இடத்திலேயே கரியை எரிக்க வைப்பார்கள். வண்டியின் பழுதுக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் மாட்டிப் பார்க்கலாம். பி2463 என்று வந்தால் கரி அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணை அழித்தால் விளக்குதான் போகும், கரி போகாது.

அப்புறம், ஆயில் டிப்ஸ்டிக்கைக் கட்டாயம் பாருங்கள். ரீஜெனரேஷன் அடிக்கடி பாதியில் நின்றால், அதற்காகச் செலுத்திய டீசல் எரியாமல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? டீசல் வாடை அடிக்கிறதா? அப்படியானால் மேற்கொண்டு ஓட்டாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். ஆயில் குறைந்தால் பயப்படும் நாம் கூடினால் கண்டுகொள்வதில்லை. கூடுவதும் அதே அளவு ஆபத்து, நீர்த்துப்போன ஆயிலால் எஞ்சினைக் காப்பாற்ற முடியாது. மாற்றும்போது கையேட்டில் உள்ள, சாம்பல் குறைந்த வகை ஆயிலையே கேட்டு வாங்குங்கள்.

வாரம் முழுக்க ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பத்துக்கு டீசல் சரிப்படாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலைத் தனி டேங்க்கில் ஊற்ற வேண்டும். அந்த டேங்க்கின் மூடி நீலமாக இருக்கும். எச்சரிக்கை வந்த உடனே நிரப்புங்கள். அளவு சுத்தமாகத் தீர்ந்துவிட்டால், அணைத்த எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் இக்னிஷனையே போடாதீர்கள், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

கால் வைக்கும் இடத்தில் ஈரம்

கார்பெட் எப்போது நனைகிறது என்று முதலில் பாருங்கள். மழைக்குப் பிறகு என்றால் சன்ரூஃப் மேல் சந்தேகப்படலாம். மழையே இல்லாத நாளில், நீண்ட நேரம் ஏ.சி. போட்ட பிறகு என்றால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். அதன் மூலைகளில் சிறு துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத் தூணுக்குள் ஓடும் குழாயில் இறங்கி வெளியே போக வேண்டும். வேப்ப மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் சின்னச் சின்ன இலைக்காம்பும் பூவும் தூசியோடு சேர்ந்து சேறாகி அந்தத் துளையை அடைத்துவிடும். கண்ணாடியைத் திறந்து, முன் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்கும் கதவுக் கீலுக்கும் நடுவே கீழே தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் வாய்க்காலிலேயே தேங்கி நின்றால் அடைப்பு. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை, நுனியைத் தீயில் காட்டி மழுங்கடித்து, துளைக்குள் மெல்ல விட்டு எடுங்கள். ஏர் கம்ப்ரசரை வைத்து ஊதச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றுகொண்டால் கூரை உறையையே இறக்க வேண்டிவரும்.

நனைந்த கார்பெட் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே ஒயர்கள் ஓடுகின்றன. தூக்கி உலர்த்தாமல் விடாதீர்கள்.

கடைசி வரிசையில் ஏ.சி. வரவில்லை

பின் வரிசைக்குத் தனி ஃபேன் பட்டன் இருந்தால் அது போட்டிருக்கிறதா, வென்ட்டை மறைத்துப் பை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டுக்காற்றை வெளியே விட்ட பிறகு, உள்காற்றையே சுழற்றும் ரீசர்குலேஷன் பட்டனைப் போடுங்கள். அதற்கும் குளிரவில்லை என்றால், உள்ளே வரும் காற்றின் தூசியை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் டாஷ்போர்டு டப்பாவின் இரு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் டப்பா கீழே இறங்கும், பின்னால் ஃபில்டர் மூடி தெரியும். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பேட்டரி

இரவு முழுக்க நிறுத்திய பின் காலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே போனால், ஷோரூமுக்கு வெளியே மாட்டிய டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர் எதையாவது கழற்றிவிட்டு மறுநாள் திரும்ப அளந்து பாருங்கள். இந்த வண்டிகளில் ஒயரை வெட்டி எதையும் இணைக்காதீர்கள், மின்பகுதிக்கான வாரண்டியே கேள்விக்குறியாகிவிடும்.

கடகட சத்தம்

பின்னாலிருந்து வரும் கடகட சத்தத்துக்குப் பெரும்பாலும் மடித்துவைத்த கடைசி சீட்டின் பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக்கில் தட்டுவதுதான் காரணம். பக்கிளை அதற்கான இடத்தில் செருகிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சர்வீஸ் சென்டர் போக வேண்டியிருந்தால், குறையை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், என்ன நடந்தது என்று ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது வேலைகளைக் குறிக்கும் தாள்) நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லி, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்ததை வீடியோ எடுத்து வைத்திருந்தால் சர்வீஸ் அட்வைசருக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். அதே குறை வாரண்டி முடிகிற நேரத்தில் திரும்ப வந்தால், முதலில் எப்போது புகார் செய்தீர்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.