பிரிசம்ப்ஷன் (presumption) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அகராதியைத் திறந்தால் 'அனுமானம், ஊகம்' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் பாதி இடங்களில் வாக்கியம் பல்லிளிக்கும், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம்.

முதல் முகம், இன்னும் நிரூபணமாகாத ஒன்றை இப்போதைக்கு உண்மை என்று வைத்துக்கொள்வது. லத்தீன் வேருக்கே 'முன்கூட்டி எடுத்துக்கொள்' என்றுதான் பொருள். அஸம்ப்ஷனும் (assumption) கிட்டத்தட்ட இதுதான், ஆனால் பிரிசம்ப்ஷனுக்குப் பொதுவாக ஏதாவது ஒரு பிடிமானம் இருக்கும். அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு 'உள்ளேதான் இருப்பார்' என்றால் பிரிசம்ப்ஷன், எதையும் பார்க்காமலே சொன்னால் அஸம்ப்ஷன். கவனித்தீர்களா, 'இருப்பார்' என்ற வினை ஒன்றே வேலையை முடித்துவிட்டது! 'போயிருப்பார்', 'சொல்லியிருப்பார்' எல்லாம் அப்படித்தான். இன்னும் சுருக்கமாக வேண்டுமா, 'தானே' இருக்கிறது: 1871-ல் ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரிக்கரையில், லிவிங்ஸ்டன் என்ற பயண ஆய்வாளரைத் தேடிப்போன பத்திரிகையாளர் ஸ்டான்லி கேட்டதாகச் சொல்லப்படும் "டாக்டர் லிவிங்ஸ்டன், ஐ ப்ரிஸ்யூம்?" என்பதை, "டாக்டர் லிவிங்ஸ்டன் நீங்கள்தானே?" என்றால் போதும், 'அனுமானிக்கிறேன்' எதற்கு?

சட்டத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதி என்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 11-வது பிரிவு. அவரைப் பார்த்தால் அப்பாவியாகத் தெரிகிறார் என்பதல்ல இதன் பொருள், நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டுபவர் தலையில் என்பதுதான். அதனால் 'ஊகிக்கப்படுவார்' என்று எழுதாதீர்கள், 'கொள்ளப்படுவார்' அல்லது 'கருதப்படுவார்' சரியாக உட்காரும். 7 ஆண்டுகளாகத் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளும் விதி பல நாடுகளில் உண்டு, அங்கும் இதே சொல்தான்.

அப்புறம் இரண்டாவது முகம்: யாரும் கொடுக்காத உரிமையைத் தானாக எடுத்துக்கொள்வது. கேட்காமலே உங்கள் சார்பில் ஒருவர் 'சம்மதம்' என்று பதில் அனுப்பிவிட்டால், அதுவும் பிரிசம்ப்ஷன்தான். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'என்ன துணிச்சல்!' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் இந்த முகம். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல், பெரியவர் ஒருவருக்குப் போக வேண்டிய கடிதத்தில் 'உங்களுக்கு அறிவுரை சொல்வது அனுமானமாகிவிடும்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். 'என்னத்தை அனுமானிக்கிறீர்கள்?' என்று போன் வந்தது. 'உங்களுக்கு நான் அறிவுரை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்' என்று மாற்றி அனுப்பினேன்.