ரப்பரை விற்று இரும்பு வாங்காதீர்கள்: வேக மின்சாரக் கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டயர், அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்யும்) கடை நடத்துகிறேன். அப்பாவிடமிருந்து கைக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி புது மின்சாரக் காரோடு வந்தார். வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. இருக்கைகளின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. "அக்கா, வண்டி ரொம்பக் கெட்டியாக இருக்கிறது, அம்மா முதுகு வலிக்கிறது என்கிறார். ஷாக் அப்சார்பரை மாற்றி மெதுவாக்கிக் கொடுங்கள். அப்படியே 20 அங்குல அலாய் சக்கரம் போட்டுவிடுங்கள்" என்றார்.

ஒரே மூச்சில் இரண்டு கோரிக்கைகள், ஒன்றின் கழுத்தை மற்றொன்று நெரிக்கும் கோரிக்கைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023இல் நானும் இதைத்தான் செய்தேன், அதுவும் டயர் கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

வழுக்கை டயரில் ஓட்டுவது, அலைன்மென்ட் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

நல்ல சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குவது

புதுச்சேரியில் கார் பார்க்கப் போனால் பெரும்பாலும் காலாப்பட்டு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் விட்டுக் காட்டுவார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். முன்பணம் கட்டிவிடுவோம். வீட்டுத் தெருவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போதுதான் குடல் குலுங்கும்.

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. மின்சாரக் காரின் தரைக்கடியில் கிடக்கும் பேட்டரி மட்டுமே நானூறு, ஐந்நூறு கிலோ இருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்கவும் வளைவில் சாயாமல் பிடிக்கவும் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். அதில் வேகக் காருக்கான விறைப்பையும் சேர்த்திருப்பார்கள். சொகுசுக் காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஏறி இறங்கும். வேகக் காரில் அது ஒன்றரை, இரண்டு முறை. பெரிய மேடு பள்ளங்களை அது அழகாக அடக்கிவிடும். சின்னச் சின்ன ஒட்டுச் சாலையில்தான் நடுங்கும்.

ஆகவே விற்பவரிடம் கேட்டு, சாக்கடைக்குத் தோண்டி மூடிய ஏதாவது ஒரு தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு சுற்றாவது பின் இருக்கையில் உட்காருங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். வேகத்தடையிலும் ஏற்றிப் பாருங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது அதுவல்ல. எலுமிச்சைப் பழத்தைப் பாதியாக அரிந்து கவிழ்த்த மாதிரி ஒன்று.

அழகுக்காகப் பெரிய சக்கரம்

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காருக்குக் கம்பெனி கொடுத்த டயர் 225/50 R18. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் ஐம்பது சதவீதம். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் 112 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் இருந்தன. நான் மாட்டியது 245/35 R20. கணக்குப் போட்டால் 86 மில்லிமீட்டர்தான் வரும். வெளிவட்டம் ஏறத்தாழ அதேதான், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது. அதனால் எதையும் இழக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இழந்தது இரண்டரை சென்டிமீட்டர் மெத்தை. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அலுமினியம்.

கல்லைச் சந்திக்கும் முதல் ஸ்பிரிங் டயர்தான். சின்ன அதிர்வுகளை அது விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கு அனுப்பும். அதை நாமே மெலிதாக்கிவிட்டு ஷாக் அப்சார்பரைத் திட்டுகிறோம். போதாக்குறைக்குப் புதுச் சக்கரம் ஒவ்வொன்றும் பழையதைவிட நான்கு கிலோ கூடுதல். கடைத் தராசில் நானே நிறுத்துப் பார்த்தேன், மாட்டி முடித்த பிறகு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், பள்ளத்தில் விழுந்த சக்கரத்தை அடக்கி நிறுத்த ஷாக் அப்சார்பர் திணறும்.

இதுவரை சொன்னது வெறும் அசௌகரியம். அடுத்து செய்ததுதான் உண்மையான முட்டாள்தனம். குலுக்கல் தாங்காமல் காற்றை 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) இறக்கினேன். மெத்தென்று ஆனது. வீட்டில்கூட "இப்போது பரவாயில்லை" என்றார்கள்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். என் பழைய டயரில் 99, அதாவது ஒரு டயர் 775 கிலோ தாங்கும். புதிதில் 95, அது 690 கிலோ. கூடுதல் பாரத்துக்கான எக்ஸ்எல் வகை டயர் அந்த முழு எடையைத் தாங்குவது 42 பிஎஸ்ஐயில்தான். காற்றை இறக்க இறக்க தாங்கும் எடையும் இறங்கும். என் வண்டியோ ஆளில்லாமலே 2,100 கிலோ. வீட்டு ஆட்கள் ஐந்து பேரும் பைகளும் ஏறினால் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோவைத் தாண்டும். எண்கள் எல்லாம் தினமும் கையில் புரளும் டயரிலேயே அச்சடித்திருந்தன. நான் பார்த்தது ரிம்மின் பளபளப்பை.

நவம்பர் மழையில் ஓர் இரவு புதுச்சேரியில் கல்யாண வரவேற்பு முடித்துத் திரும்பினோம். முள்ளோடை தாண்டி, ரெட்டிச்சாவடியும் தாண்டியாகிவிட்டது. தண்ணீர் நிரம்பிய பள்ளம் ஒன்று, சாலையோடு சாலையாகக் கிடந்தது. ‘டமால்’ என்று ஒரு சத்தம். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கிப் பக்கச்சுவர் கிழிந்திருந்தது. ரிம்மின் உள்பக்கத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். ஸ்டெப்னி கிடையாது, பல மின்சாரக் கார்களில் கொடுப்பதில்லை. பஞ்சர் அடைக்கும் திரவம் ஒரு புட்டி இருந்தது. அது ஆணிக் குத்தலை அடைக்கும், கிழிசலை அடைக்காது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழலும் என்பதால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. வண்டியை முழுவதுமாக மேலே ஏற்றிப் போகும் லாரி வரும்வரை இரண்டரை மணி நேரம், பட்டுப்புடவையோடு, கொசுக்கடியில். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம்.

ரிம், டயர் எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய் போட்டிருந்தேன். பழைய 18 அங்குலத்தையே திரும்ப மாட்டிய அன்று குலுக்கலில் பாதி காணாமல் போனது. ஷாக் அப்சார்பரைத் தொடவே இல்லை. மூன்று நல்ல ரிம்கள் இன்றும் கடைப் பரணில் இருக்கின்றன. மூன்றாக யார் வாங்குவார்கள்?

நெல்லிக்குப்பத்துத் தம்பியை ஏணி வைத்து ஏறவிட்டு அவற்றைக் காட்டினேன்.

உச்சி வெயிலில் காற்றைப் பார்ப்பது

வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். மே மாதத்து மதியத்தில், புதுச்சேரியிலிருந்து ஓடிவந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் 36 வைத்த டயர் 41 காட்டும். அங்கிருக்கும் பையன் "அதிகமாக இருக்கிறது" என்று 36 ஆகும்வரை காற்றைப் பிடுங்கிவிடுவான். மறுநாள் விடியலில் அதே டயரில் 31தான் இருக்கும். வண்டி மெத்தென்று போகிறதே என்று நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். டயரின் இரு ஓரங்களும் தேயும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

காலையில், வண்டி எடுப்பதற்கு முன்பு, நிழலில் பாருங்கள். கையடக்கக் காற்றழுத்தமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பல வண்டிகளுக்கு இரண்டு அளவுகள் இருக்கும்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. வாரம் முழுவதும் தனியாக அலுவலகம் போகிறவர் முழுப் பாரத்துக்கான காற்றில் ஓட்டிவிட்டுக் குலுக்குகிறது என்று சொல்லக் கூடாது.

நைட்ரஜன் நிரப்பினால் சரியாகிவிடும்

அதுவும் வெயிலில் விரியும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்

காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் வேண்டாம். அடியில் இருப்பது பேட்டரி.

குமட்டலுக்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்வது

பின்னால் உட்காருபவருக்குத் தலை சுற்றுகிறது என்றால் முதலில் ஓட்டுபவரின் வலது காலைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் மின்சாரத்தைத் திரும்பப் பிடிக்கும், வண்டி தானே வேகம் குறையும். அந்த அமைப்பை உச்சத்தில் வைத்துக்கொண்டு காலை வெடுக்கென்று எடுத்தால் பின்னால் இருப்பவரின் தலை கோழிபோல் முன்னும் பின்னும் ஆடும். குறைந்த நிலைக்கு மாற்றினால் போதும், செலவு இல்லை. ‘ஸ்போர்ட்’ பொத்தானை அணைத்தால் ஸ்பிரிங் இளகும் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் அப்சார்பர் இல்லாத வண்டியில் அந்தப் பொத்தான் ஆக்சிலரேட்டரையும் ஸ்டீயரிங்கையும்தான் மாற்றும்.

சத்தத்தைக் குலுக்கல் என்று நினைப்பது

எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பெட்ரோல் காரில் நாம் கவனித்தே இராத ‘தடக்’ இதில் பெரிதாகக் கேட்கும், உடனே லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை) போய்விட்டது என்று பயம் வரும். கழற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு டிக்கியைக் காலி செய்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு இடங்களில் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் சத்தம் போகவில்லை என்று என்னிடம் வந்தார். டிக்கித் தரைக்குக் கீழே சார்ஜர் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய துண்டைச் செருகினேன். கூலி வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.