மனசுல தோணுனத உடனே நம்பாம இருக்குறது எப்படி: ஸ்டோயிக் முறைய தினசரி பழக ஒரு வழி

ஸ்டோயிக் தத்துவம்னாலே நம்ம யாங்கோன் பசங்க பாதிப் பேரு நெனைக்கிறது, அழக்கூடாது, கோபமே வரக்கூடாது, யாரு என்ன சொன்னாலும் மூஞ்சிய இறுக்கமா வெச்சுக்கணும்னுதான். ரீல்ஸ்ல ஒரு ரோமன் சிலைய காட்டி ரெண்டு வரி ஓட விடுறாங்க, அதப் பாத்து வர்ற நெனப்பு அது. அந்தக் காலத்து கிரேக்க ஆளுங்க சொல்லிக்குடுத்தது வேற. உணர்ச்சி பொங்குறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு வாக்கியம் ஓடும், அத புடிச்சு நிறுத்தி, நீ உண்மையான்னு கேக்கணும், அதுதான் பயிற்சியே. அதனால லாஜிக், கண்ணு காது சொல்றத எவ்வளவு நம்பலாம்ங்கிற கேள்வி, எப்படி வாழணும்ங்கிறது, இதெல்லாம் அவங்களுக்கு ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு இருந்துச்சு. தத்துவம் ஒரு தோட்டம்னா லாஜிக் அதுக்கு வேலி, ஒழுக்கம்தான் பழம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. வேலிய விட்டுட்டு பழத்த மட்டும் எடுத்தா ரொம்ப நாள் தாங்காது, அதனால நான் வேலிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பள்ளிய ஆரம்பிச்சவர் ஜீனோ, சைப்ரஸ் தீவுல கிட்டியம்ங்கிற ஊர்க்காரர். கப்பல் முழுகி சரக்கு எல்லாம் போனப்புறம் ஏதென்ஸ்ல தத்துவம் படிக்க உக்காந்தார்னு பழைய கதை இருக்கு. கி.மு. 300 வாக்குல சந்தைப் பக்கம் சித்திரம் தீட்டுன ஒரு மண்டபத்துல பாடம் சொல்ல ஆரம்பிச்சார்.

மொதல்ல பழக வேண்டியது அவர் கையால காட்டுன ஒரு செய்கை, ரோம்காரர் சிசரோ இத எழுதி வெச்சிருக்கார். விரலெல்லாம் விரிச்சு உள்ளங்கைய காட்டி 'தோற்றம் இப்படி'ம்பாராம், அதாவது ஒரு விஷயம் மனசுல வந்து படுறது. விரல லேசா மடக்கி 'ஒப்புதல் இப்படி', ஆமா அதான்னு மனசு தலையாட்டுறது. முஷ்டிய மூடுனா உறுதியா புடிச்சாச்சு. அந்த முஷ்டிய இன்னொரு கையால இறுக்கிப் புடிச்சு, அறிவுன்னா இது, இது ஞானிக்கு மட்டும்தான் வாய்க்கும்பார். இத நெஜமாவே கையால செஞ்சு பாருங்க, பஸ்ல உக்காந்துகிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. போன்ல ஒரு மெசேஜ் வருது, வயித்தக் கலக்குது, உடனே உள்ளங்கைய விரிங்க: இது இப்பத்தான் வந்திருக்கு, நான் இன்னும் ஒப்புக்கல. விரிச்ச கைக்கும் மூடுன கைக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் சம்பாதிக்கிறதுதான் இங்க வேலை.

அந்த நேரத்துல என்ன செய்யணும்னா வந்ததையும் நாம சேத்துக்கிட்டதையும் பிரிக்கணும். மார்கஸ் அவுரேலியஸ் ரோமுக்கு ராஜாவா இருந்துகிட்டே தனக்குன்னு எழுதிக்கிட்ட குறிப்புல இது இருக்கு: ஒருத்தர் உன்னப் பத்தி கெட்டதா பேசுறார்னு சேதி வந்துச்சு, சரி, ஆனா அதனால உனக்குக் கேடு வந்துச்சுன்னு சேதி வரலையே, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, அத பாக்குறேன், ஆனா உயிருக்கு ஆபத்துன்னு நான் பாக்கல. அடிமையா பொறந்து பின்னாடி கிரீஸ்ல நிக்கோபொலிஸ்ங்கிற ஊர்ல பாடம் நடத்துன எபிக்டெட்டஸ் இன்னும் சுருக்கமா சொல்லுவார், ஒருத்தன் வேகமா குளிச்சா வேகமா குளிக்கிறான்னு சொல்லு, மோசமா குளிக்கிறான்னு சொல்லாத.

ஒரு நோட்டு வாங்கிக்கோங்க. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் நீங்க சேத்தது. 'பெரியப்பா கல்யாணத்துக்கு வரல', இது இடது. 'எங்களுக்கு வசதி இல்லன்னு மதிக்கல', இது வலது. கோயில் கமிட்டி வைபர் குரூப்ல என் மெசேஜுக்கு யாரும் பதில் போடல, இடது. என்னைய ஒதுக்குறாங்க, வலது. வலது பக்கம் எழுதுறதெல்லாம் பொய்னு அர்த்தம் இல்ல, சில சமயம் அது சரியாவும் இருக்கும், ஆனா அது நீங்க கையெழுத்து போட்டது, தானா வந்தது இல்ல. எழுத ஆரம்பிச்சா எடது பக்கம் ஒத்த வரியும் வலது பக்கம் முழு பக்கமும் போகும், அது பரவாயில்ல, எழுதுங்க.

இங்க ஒன்னு சொல்லிடணும், ஏன்னா பல பேரு இந்த இடத்துலதான் மனசு ஒடிஞ்சு விட்டுடுறாங்க. படக்குன்னு வர்ற பயம், கண்ணுல தண்ணி, மூஞ்சி வெளுக்குறது, இதெல்லாம் தோல்வி இல்ல. 2-ம் நூற்றாண்டுல அவுலஸ் கெல்லியஸ்னு ஒருத்தர் கப்பல்ல போறார், புயல் அடிக்குது, கூட வந்த ஸ்டோயிக் ஆசிரியரே வெளுத்துப் போயிட்டார். கரை சேந்தப்புறம் ஏங்க அப்படி ஆச்சுன்னு கேட்டா, அவர் பையிலேர்ந்து எபிக்டெட்டஸ் நூல எடுத்துக் காட்டுறார்: முதல் அதிர்ச்சி ஞானிக்கும் வரும், அது யார் கையிலயும் இல்ல, ஆனா ஞானி அத சரின்னு ஒப்புக்க மாட்டான். அப்ப அழுகை வந்தா அழுங்க. ஒப்புதல் மட்டும் கொஞ்சம் லேட்டா வரட்டும்.

இப்ப லாஜிக். பயந்துடாதீங்க, நாம டீக்கடைல பேசுறதே இதத்தான். ஸ்டோயிக்குங்கள்ல இதுல பெரிய கை கிரிசிப்பஸ், 700-க்கு மேல நூல் எழுதுனவர்னு சொல்றாங்க, ஒன்னு கூட முழுசா கெடைக்கல, மத்தவங்க எடுத்துச் சொன்னதுதான் மிச்சம். அரிஸ்டாட்டில் 'எல்லா மனுஷனும்', 'சில மனுஷன்'னு வகைய வெச்சு தர்க்கம் கட்டுனார், இவரு முழு வாக்கியத்த வெச்சு கட்டுனார்: இப்படின்னா அப்படி, ஒன்னு இது இல்லன்னா அது. அடிப்படை வடிவம்னு அஞ்சு சொன்னார், நமக்கு மூணு தெரிஞ்சா போதும்.

பகலா இருந்தா வெளிச்சம் இருக்கும். பகல்தான், அதனால வெளிச்சம் இருக்கு. சரி. வெளிச்சம் இல்ல, அதனால பகல் இல்ல. இதுவும் சரி. ஆனா வெளிச்சம் இருக்கு, அதனால பகல்னு சொன்னா தப்பு, பக்கத்து வீட்டுல ஜெனரேட்டர் போட்டிருக்கலாம். நம்ம ஊரு வதந்தி முக்கால்வாசி கடைசியா சொன்ன இந்தத் தப்புலதான் ஓடுது. 2025 மார்ச் 28-ல சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவுல பூமி ஆடுச்சு, அதுக்கப்புறம் ஏப்ரல் 21-ல மறுபடி பெருசா வரும்னு ஒரு ஜோசியர் டிக்டாக்ல சொல்லப்போயி யாங்கோன்ல கூட ஜனங்க வீட்டுக்குள்ள இருக்க பயந்தாங்க, சொன்ன மாதிரி ஒன்னும் வரல. அந்தப் பயம் எப்படிக் கட்டுதுன்னு பாருங்க: பெருசா வரப்போகுதுன்னா முன்னாடி சின்னச் சின்னதா ஆடும், ஆடுது, அதனால வரப்போகுது. பெரிய நடுக்கத்துக்குப் பின்னாடி சின்ன ஆட்டம் வர்றது வழக்கம், அதனால ஆட்டம் இருக்குங்கிறத வெச்சு தேதி குறிக்க முடியாது. 'இப்படின்னா', 'அதனால' ரெண்டும் எங்க நிக்குதுன்னு நோட்டுல கோடு போட்டுப் பாருங்க, தப்பு தானா தெரியும்.

அதுக்காக விரிசல் விட்ட வீட்டுக்குள்ளயே படுங்கன்னு சொல்லல. ஸ்பைரஸ்னு ஒரு ஸ்டோயிக், எகிப்து ராஜா தாலமி அவர ஏமாத்த மெழுகுல செஞ்ச மாதுளம்பழத்த வெச்சார். அவர் உண்மைன்னு நெனச்சுட்டார், பாத்தியா, நீ பொய்ய ஒப்புக்கிட்டன்னு ராஜா கத்துனார். ஸ்பைரஸ் பதில்: இது மாதுளைன்னு நான் ஒப்புக்கல, மாதுளையா இருக்கும்னு நம்புறது நியாயம்னுதான் ஒப்புக்கிட்டேன். இது தப்பிக்கிற பேச்சுன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படித் தோணல, இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சா எத்தனையோ பயம் அடங்கும். வெளிய படுக்குறது நியாயம், சரி. வரும்னு எனக்குத் தெரியும், அது வேற பேச்சு.

இன்னொரு வடிவம் 'ஒன்னு இது, இல்லன்னா அது'. கிரிசிப்பஸ் ஒரு வேட்டை நாய உதாரணம் சொல்லுவார், மூணு வழி பிரியுற எடத்துல ரெண்டு வழிய மோந்து பாத்துட்டு, மூணாவத மோந்து பாக்காமலே ஓடும்னு. அது செல்லும், ஏன்னா அங்க மூணே வழிதான். நம்ம பசங்க இப்ப சொல்றது: ஒன்னு வெளிநாடு போகணும், இல்லன்னா வாழ்க்கை முடிஞ்சுது. ஏஜென்ட்டுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி தம்பிங்களா, தங்கச்சிங்களா, உக்காந்து வழிய எண்ணுங்க. நெஜமாவே ரெண்டுதானா? எனக்கு இதுல ரொம்ப கவல இருக்கு, அதனாலதான் அழுத்திச் சொல்றேன். போறது தப்புன்னு சொல்ல வரல, எண்ணாம போகாதீங்க.

தர்க்கத்துல சின்ன ஓட்டை இருந்தா என்ன குடியா முழுகிடும்னு கேக்குறவங்களுக்கு எபிக்டெட்டஸே ஒரு பதில் வெச்சிருக்கார். மாணவனா இருந்தப்ப ஒரு வாதத்துல விட்டுப்போனத அவர் கவனிக்கல, ஆசிரியர் முசோனியஸ் ரூஃபஸ் திட்டுனார். நான் என்ன ரோம் நகரத்து கேப்பிட்டல் கோயிலயா கொளுத்திட்டேன்னு இவர் கேக்க, இங்க விட்டுப்போனதுதான்டா கேப்பிட்டல்னார் அவர்.

கடைசியா ஒழுக்கம், இதுலதான் எனக்கும் ரொம்ப நாள் சண்டை. ஸ்டோயிக்குங்க சொல்றது, விவேகம், நீதி, தைரியம், அடக்கம் இதுதான் நல்லது, இதுக்கு எதிரானதுதான் கெட்டது, காசு பணம் ஒடம்பு பேரு எல்லாம் ரெண்டுலயும் சேராது, கெடைச்சா எடுத்துக்கலாம், விரும்பலாம், ஆனா அத வெச்சு ஒருத்தர் நல்லவரா கெட்டவரான்னு ஆகாது. 1964-ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப நம்ம சனங்க எத்தனையோ குடும்பம் வெறுங்கையோட கப்பல் ஏறுனாங்க. அவங்ககிட்ட போயி கடை ஒரு பெரிய விஷயமே இல்லன்னு சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. எபிக்டெட்டஸ் சொன்ன பயிற்சிய மத்தவங்க மேல போடாதீங்க, உங்க மேல மட்டும் போடுங்க: கப்பல் போச்சு. என்ன நடந்துச்சு? கப்பல் போச்சு. 'எனக்குக் கெட்ட காலம்'ங்கிறத நாமதான் சேக்குறோம். அதுக்காக எடுத்தவங்க செஞ்சது நியாயம்னு ஆகாது, நீதி அந்த நாலுல ஒன்னு, அநியாயத்த அநியாயம்னு சொல்றது ஸ்டோயிக்கோட கடமை.

வீட்டுச் சண்டைக்கு எபிக்டெட்டஸ் குடுத்த வழி இது: ஒவ்வொரு விஷயத்துக்கும் ரெண்டு கைப்பிடி, ஒன்ன புடிச்சா தூக்கலாம், இன்னொன்ன புடிச்சா தூக்க முடியாது. அண்ணன் அநியாயம் பண்ணா 'அநியாயம் பண்ணான்'ங்கிற பிடிய புடிக்காத, 'அண்ணன், என்கூட வளந்தவன்'ங்கிற பிடிய புடி. அப்பா விட்டுட்டுப் போன வீட்டப் பங்கு பிரிக்கிறப்போ இத முயற்சி பண்ணுங்க. உங்க பங்க விட்டுக் குடுங்கன்னு அர்த்தம் இல்ல. கணக்கு பேசுங்க, பேப்பர கேளுங்க, ஆனா 'அண்ணே'ன்னு கூப்பிட்டு பேச்ச ஆரம்பிங்க.

ராத்திரி கரண்ட் இருந்தாலும் இல்லன்னாலும் படுக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒதுக்குங்க. ரோம்ல இருந்த ஸ்டோயிக் செனெகா விளக்க அணைச்சு, மனைவி பேசாம இருக்குறப்போ அன்னிக்கு நாள் முழுசையும் திரும்பிப் பாப்பாராம், எதையும் தனக்கு மறைக்க மாட்டாராம், தப்பு இருந்தா இனிமே பண்ணாத, இந்த தடவ மன்னிச்சேன்னு தனக்கே சொல்லிக்குவாராம். நீங்க நோட்ட எடுங்க, அன்னிக்கு எழுதுன வலது பக்கத்துல ஒரே ஒரு வரிய தேர்ந்தெடுத்து, அது எந்த 'இப்படின்னா அப்படி' மேல நிக்குதுன்னு கீழ எழுதுங்க, நிக்கலன்னா அடிச்சுடுங்க. முடிஞ்சா வாரத்துக்கு ஒரு தடவ நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, அக்காவோ கூட்டாளியோ, அந்த பக்கத்த படிச்சுக் காட்டுங்க, நமக்கு கண்ணுல படாத மூணாவது வழி அவங்களுக்கு சட்டுனு தெரியும்.