லப்டொப் சூடாகிறதா? கழற்றமுன் சூடு ஏறும் வேகத்தைப் பாருங்கள்

புரோசசர் அளவுமீறிச் சூடாகிவிட்டது என்று லப்டொப் எச்சரித்ததும் பலர் நேரே பேஸ்ட் (புரோசசருக்கும் அதன் மேலுள்ள செம்புத் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசை) மாற்றக் கொடுத்துவிடுகிறார்கள். வன்னியில் முதலில் சந்தேகப்படவேண்டியது பேஸ்ட்டை அல்ல, புழுதியை. சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதியும், அறுவடை நாட்களில் நெல்லுத் தூசியும் ஃபானுக்குள் போய்ச் சேர்கின்றன. ஆனாலும் ஊகத்தில் கழற்றவேண்டாம். கோளாறு எங்கே என்பதைச் சூடு ஏறும் வேகமே காட்டிவிடும்.

விண்டோஸில், புரோசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் போன்ற ஒரு மென்பொருளைப் போடுங்கள். லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸ் பொதியை நிறுவி ‘சென்சர்ஸ்’ என்று கட்டளை கொடுத்தால் போதும். வேலை எதுவும் கொடுக்காமல் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலான லப்டொப்புகள் 40 முதல் 55 பாகை செல்சியஸுக்குள் நிற்கும். தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் அளந்தால் கூடத்தான் காட்டும். அறை 8 பாகை சூடேறினால் புரோசசரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும், அது பழுது அல்ல. சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டினால் முதலில் டாஸ்க் மனேஜரைத் திறந்து எது புரோசசரைத் தின்கிறது என்று பாருங்கள். நிறுத்தவேண்டிய ஒரு புரோகிராமுக்காக ஸ்குறூவில் கைவைக்கத் தேவையில்லை.

அடுத்து, பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு மூன்று செக்கனில் 95க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுந்தால், சூடு புரோசசரிலிருந்து செம்புத் தகட்டுக்குப் போகவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீற்சிங்க் (புரோசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் செம்புத் தொகுதி) ஸ்குறூ தளர்ந்திருக்கும். ஃபான் இரைந்துகொண்டே ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் இறங்கச் சுணங்கினால், சூடு செம்புக்கு வந்துவிட்டது, வெளியேற வழியில்லை. அது புழுதி. ஃபான் சத்தமே இல்லையென்றால் ஃபானைப் பாருங்கள். இன்ரெல் புரோசசர்களில் பலவற்றுக்கு எல்லை 100 பாகை. அதைத் தொட்டதும் புரோசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் லப்டொப் அணைந்துவிடும்.

புழுதியென்றால் வெளியிலிருந்து ஊதிப் பயனில்லை. ஃபானுக்கும், காற்று வெளியேறும் இடத்தில் மெல்லிய தகடுகள் அடுக்கிய செம்புச் சீப்புக்கும் நடுவே, சீப்பின் உட்புறத்தில், செம்மண் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது ஃபானுக்குள் விழுந்து, மறுபடி இயக்கியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சார்ஜரைக் கழற்றி, அடித்தட்டைத் திறந்து, பற்றரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, முதலில் அதையே மாற்றவேண்டும். ஃபானின் ஸ்குறூக்களைக் கழற்றித் தூக்கினால் அந்தப் படலம் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். மிச்சத்தை மெல்லிய பெயின்ற் பிரஷ்ஷால் சீப்பின் நீளவாக்கில் தட்டி எடுங்கள். ஊதுவதானால் ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் அளவுமீறிச் சுழன்று பெயரிங் கெட்டுவிடும். டயர் கடைக் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும்.

பேஸ்ட் மாற்றுவதானால் ஹீற்சிங்க் ஸ்குறூக்களின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3, 4 என்ற எண்களைப் பாருங்கள். கழற்றும்போது 4இலிருந்து பின்னோக்கி, பூட்டும்போது 1இலிருந்து முன்னோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகவேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் உலோக மூடியில்லாத புரோசசர்ச் சிலிக்கனின் விளிம்பு உடையக்கூடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புதியது ஒரு நெல்மணி அளவு போதும், புரோசசர் பெரிதென்றால் இரண்டு. பழைய பிளாஸ்ரிக் அட்டையால் முழுப் பரப்பும் மூடும்படி மெல்லியதாய் இழுத்துவிடுங்கள். பக்கத்துச் சில்லுகளின் மேலுள்ள சூடு கடத்தும் மெத்தென்ற பாட்களைக் கிழிக்காதீர்கள். அவற்றின் தடிப்பு 0.5 அல்லது 1 மில்லிமீற்றர் என்று கணக்காக இருக்கும், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

கழற்ற முடியாத நாளில் விண்டோஸ் பவர் அமைப்புகளில் புரோசசரின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99க்குக் குறையுங்கள். பெரும்பாலான லப்டொப்புகளில் டர்போ வேகம் (புரோசசர் தன் வழமையான வேகத்துக்கு மேல் ஓடுவது) நின்று, சூடு நன்றாகக் குறையும். சில புதிய மாதிரிகளில் அந்த வரி தெரியாது. பாயிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபடும். மேசையில் வைத்துப் பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடிகளால் உயர்த்துங்கள். சுத்தம் செய்ய நல்ல காலம் இரண்டு: காலபோக அறுவடை முடிந்த பிறகு, சோளகம் ஓய்ந்த பிறகு.

எல்லாம் பூட்டியபின் அதே வீடியோவை, அதே நேரத்துக்கு ஓட்டி அளந்து பாருங்கள். புதிய பேஸ்ட் போட்டும் எண் இன்னும் தாவினால் ஹீற்சிங்க்கை ஒருமுறை தூக்கி, பேஸ்ட்டின் பதிவைப் பாருங்கள். ஒரு மூலையில் பதியாவிட்டால் ஸ்குறூவைச் சரிசெய்யலாம். பதிவு முழுதாக இருந்து, செம்புக் குழாயின் புரோசசர் முனை கொதிக்க, சீப்பு முனை குளிர்ந்தே கிடந்தால், குழாய்க்குள் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும் திரவம் கசிந்துபோய்விட்டது. அந்த ஹீற்சிங்க்கைத் திருத்த முடியாது. அதன் மேலுள்ள பாகஎண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ளதை வாங்கிப் போடுங்கள்.