முகத்தைப் பார்த்தது போதும், மாட்டைப் பாருங்கள்

பழைய தோட்டத்துப் புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தால், இது யார், அது யார் என்று முகங்களை அடையாளம் காட்டியதோடு பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான். தகவலெல்லாம் ஓரங்களில் கிடக்கிறது: கிணற்று மேட்டில், வண்டிச் சக்கரத்தில், மாட்டில்.

எங்கள் வீட்டுப் படம் ஒன்றில் தாத்தா வெளிர் நிறப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அருகில் உள்ள கன்று கறுப்பாகத் தெரிகிறது. கலப்பினக் கன்று, ஆகவே எழுபதுகளுக்குப் பிந்தைய படம் என்று நானாக முடிவு கட்டிப் பின்பக்கம் எழுதியும் வைத்தேன். பெரியம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "காங்கேயம் மாட்டுக்குக் கன்று செவலையாகத்தான் பிறக்கும், கண்ணு. ஆறு மாதம் போனால் சாம்பல் வெள்ளையாக, மயிலையாகிவிடும்." கறுப்பு வெள்ளைப் படத்தில் செவலையின் சிவப்பு கறுப்பாகத்தான் விழும் என்பது எனக்கு உறைக்கவில்லை. எழுதியதைத் திருத்தவும் வழியில்லை. பேனா மை முன்பக்கம் வரை ஊறிவிட்டது. பென்சில் போதும், அதையும் அழுத்தாமல் ஓரத்தில் எழுதுங்கள்.

அடுத்தது, ஒரே தடயத்தை வைத்து ஆண்டைக் குறித்துவிடுவது. படத்தின் சட்டத்தைக் கழற்றினால் அட்டைக்குப் பின்னால் பழைய செய்தித்தாள் இருக்கும். அதிலுள்ள தேதி சட்டம் போட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, படம் எடுத்த நாளைச் சொல்லாது. டிராக்டரில் ‘டிஎன் 33’ போன்ற எண் இருந்தால் படம் 1989க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய வகை எண் இருந்தால் பழையது வண்டிதான், படம் பழையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கையெழுத்தும் அப்படியே. தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ 1978 சீர்திருத்தத்தில் மாறின. பெரியவர்கள் பலர் அதன் பிறகும் பழையபடியே எழுதினார்கள். கிணற்று மேட்டில் கவலைக் கல், அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளையைத் தாங்கும் கல், நிற்பதால் மோட்டார் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. உருளையில் வடம் தொங்குகிறதா என்று பாருங்கள்.

சட்டைப் பையையும் கவனியுங்கள். அது வலது மார்பில் இருந்தால் பெரும்பாலும் படத்தைத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் அரிவாள் பிடித்த கையைப் பார்த்து, நல்ல வலக்கைக்காரரை இடக்கைக்காரராக்கிய குடும்பங்கள் உண்டு. ஸ்டுடியோவில் எடுத்த படமென்றால் கோட்டையும் கைக்கடிகாரத்தையும் நம்பவே வேண்டாம். இரவலாக இருக்கும்.

பெரியவர்களிடம் "எந்த வருடம்?" என்று கேட்பதும் வீண். பெரியம்மா அதற்குக் கையை விரித்துவிட்டார். மோட்டார் வைப்பதற்கு முன்பா, பின்பா என்று மாற்றிக் கேட்டேன்.

"முன்புதான். அந்தக் கன்று வளர்ந்து காளையானதும் ஜோடியோடு விற்றோமே, அந்தப் பணத்தில்தான் மோட்டாரே வந்தது" என்றார்.