ஐகான்வ் கட்டளை முரண்டு பிடித்தால் என்ன செய்வது?

பழைய கோப்பு ஒன்றைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. சரி, கோப்பின் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) மாற்றும் ஐகான்வ் கட்டளையைப் போட்டு, இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் பிழைச்செய்தி காட்டுகிறது. நான் முதலில் தடுக்கி விழுந்தது கட்டளையில் வரும் எஃப் என்ற ஒற்றை எழுத்தில்.

எஃப் என்றதும் ஃபைல் என்று நினைத்து, அதன் பக்கத்தில் கோப்பின் பெயரைப் போட்டேன். அது ஃபைல் இல்லை, ஃப்ரம். அதாவது, கோப்பு இப்போது எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லும் இடம். டி என்பது டு, எதற்கு மாற வேண்டும் என்பது. கோப்பின் பெயர் கடைசியில் தனியாக வரும்:

ஐகான்வ் -எஃப் ஐஎஸ்ஓ-8859-1 -டி யூடிஎஃப்-8 பழசு > புதுசு

(தட்டும்போது கோப்புப் பெயர்களைத் தவிர எல்லாம் ஆங்கில எழுத்தில். ஐஎஸ்ஓ-8859-1 என்பது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்.)

முதல் வேலை, கோப்பின் குறியாக்கத்தைக் கண்டுபிடிப்பது. லினக்ஸில் 'ஃபைல் -ஐ பழசு' என்று கொடுத்தால் ஓர் ஊகம் கிடைக்கும். ஊகம்தான், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்பையெல்லாம் அது அடையாளம் காணாது. 'ஐகான்வ் -எல்' கொடுத்தால் ஏற்கும் பெயர்களின் பட்டியல் வரும். பெயரை அங்கிருந்தே எடுங்கள்.

அப்புறம், கட்டளையை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் சிறு கோடு நீளக் கோடாக மாறியிருக்கலாம். ஐகான்வ் அதையும் கோப்புப் பெயர் என்று நினைத்து, திறக்க முடியவில்லை என்று புலம்பும். கோட்டை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பவே கூடாது. 'பழசு > பழசு' என்றால், ஐகான்வ் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கோப்பைக் காலி செய்துவிடும்.

'இல்லீகல் இன்புட் சீக்வென்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் எஃப்-க்கு நீங்கள் சொன்னது பொய். பக்கத்தில் வரும் எண் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. இங்கே பலர் கட்டளையில் '-சி' சேர்க்கச் சொல்வார்கள். அது மாற்ற முடியாததைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும் என்பதால் நான் தொடுவதில்லை.

பிழையே வராமல் கெடுவது இன்னும் மோசம். யூடிஎஃப்-8இல் 'அ' என்பது பதினறும (ஹெக்ஸ்) எண்களில் இ0 ஏஇ 85 என்ற 3 பைட். ஏற்கெனவே யூடிஎஃப்-8இல் உள்ள கோப்பை ஐஎஸ்ஓ-8859-1 என்று சொன்னால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாக எடுக்கப்பட்டு, அந்த 'அ' 6 பைட்டாக வீங்கும். ஒரு முணுமுணுப்பும் இருக்காது. விண்டோஸின் பழைய குறியாக்கமான விண்டோஸ்-1252 என்று சொல்லியிருந்தால் முதல் மெய்யெழுத்தைத் தாண்டாமல் பிழையோடு நின்றிருக்கும். புள்ளியின் கடைசி பைட்டான 8டி-க்கு அதில் எழுத்தே கிடையாது.

அப்படி வீங்கிய கோப்பைத் திருப்பி எடுக்கலாம்:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-8 -டி ஐஎஸ்ஓ-8859-1 புதுசு > மீட்டது

பழைய 3 பைட்டும் அப்படியே வந்துவிடும். 'மீட்டது' கோப்பை யூடிஎஃப்-8 ஆகத் திறந்து பாருங்கள்.